புற்றுக் கட்டியின் டி.என்.ஏ.வை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி: பரிசோதனை எண்ணுக்கும் சிகிச்சைக்கும் இடையில் இந்தியா

புதுடெல்லி:

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் குளோபோகான் 2022 மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 14.1 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் ஏற்பட்டது. 9.1 லட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். இந்த எண்ணிக்கையைக் குறைப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் புதிய மருந்துகளும் அவற்றின் விலையுமே முதன்மை பெறுகின்றன. எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு காலம் தேவை என்பதைத் தீர்மானிக்கும் ஆய்வகப் பரிசோதனைகள் அந்த அளவுக்குக் கவனம் பெறுவதில்லை.

அத்தகைய பரிசோதனைகளுள் ஒன்று ஃப்ளோ சைட்டோமெட்ரி. உயிரணுக்களைத் திரவத்தில் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடக்கச் செய்து அளவிடும் முறை இது. புற்றணுவின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை மட்டுமன்றி, அதன் உட்கருவில் எவ்வளவு டி.என்.ஏ. உள்ளது என்பதையும் இதனால் சில மணி நேரத்தில் கூற முடியும். குறிப்பாகக் குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோயில், இந்த அளவீடு சிகிச்சையின் தீவிரத்தையே மாற்றக்கூடியது. அதேவேளையில், தவறாகப் படிக்கப்பட்டால் இதே எண் ஒரு குழந்தையைத் தவறான சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிடவும் கூடும். இந்தியாவில் இப்பரிசோதனை எங்கே உதவுகிறது, எங்கே உதவாது, யாருக்கு எட்டாமல் இருக்கிறது என்பவை ஆராயப்பட வேண்டிய கேள்விகள்.

எவ்வாறு இயங்குகிறது?

எலும்பு மஜ்ஜை, இரத்தம், நிணநீர்க் கணு அல்லது கட்டியிலிருந்து எடுக்கப்படும் மாதிரி முதலில் தனித்தனி உயிரணுக்களாகப் பிரிக்கப்படுகிறது. இரத்தமும் மஜ்ஜையும் இயல்பாகவே இதற்கு ஏற்றவை. திடக் கட்டிகளை நறுக்கியும் நொதிகளைக் கொண்டு கரைத்தும் பிரிக்க வேண்டியிருக்கும். பின்னர், டி.என்.ஏ.வுடன் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சாயம் சேர்க்கப்படுகிறது. புரோப்பிடியம் அயோடைடு என்ற சாயம் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது.

கருவியினுள் வேகமாக ஓடும் உப்புக் கரைசல், உயிரணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக நூல்போன்ற மெல்லிய வரிசையில் செலுத்துகிறது. ஒவ்வோர் உயிரணுவும் லேசர் கற்றையைக் கடக்கும் கணத்தில் ஒளியைச் சிதறடிக்கிறது. முன்புறம் சிதறும் ஒளி அதன் பருமனையும், பக்கவாட்டில் சிதறும் ஒளி அதன் உள்ளமைப்பின் சிக்கலையும் காட்டும். சாயம் வெளியிடும் ஒளியின் அளவோ டி.என்.ஏ.வின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். ஒரு நொடியில் பல்லாயிரம் உயிரணுக்களை இவ்வாறு அளந்து, கணினி ஒரு வரைபடத்தைத் தருகிறது.

மனித உடலின் இயல்பான உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. பிரிவதற்கு ஆயத்தமாகும்போது அது தன் டி.என்.ஏ.வை இருமடங்காக்கிக்கொள்கிறது. ஆகவே, ஆரோக்கியமான மாதிரியின் வரைபடத்தில் ஓய்வு நிலை உயிரணுக்களைக் குறிக்கும் உயரமான முகடு ஒன்றும், பிரியத் தயாரான உயிரணுக்களைக் குறிக்கும் சிறு முகடு ஒன்றும் தோன்றும். முதல் முகட்டின் இருமடங்கு தூரத்தில் இரண்டாவது நிற்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் இருப்பவை, டி.என்.ஏ.வைப் படியெடுத்துக்கொண்டிருக்கும் உயிரணுக்கள். அவற்றின் விகிதம் கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதற்கான ஓர் அறிகுறி.

புற்றணுக்களில் குரோமோசோம்கள் கூடியோ குறைந்தோ இருப்பின், முதல் முகடு தன் இடத்திலிருந்து விலகிவிடும். இயல்பான உயிரணுவின் முகட்டோடு ஒப்பிட்டு அந்த விலகலைக் கணக்கிட்டால் கிடைப்பதே டி.என்.ஏ. குறியெண். இயல்பு நிலையில் அது 1.0. குரோமோசோம்கள் மிகுந்தால் 1-க்கு மேலும், குறைந்தால் 1-க்குக் கீழும் இருக்கும்.

உயர்ந்து தாழ்ந்த எதிர்பார்ப்பு

இத்தொழில்நுட்பத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1965-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் மாக் ஃபுல்வைலர், உயிரணுக்களை வகை பிரிக்கும் கருவியை உருவாக்கினார். 1968-இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்காங் கோடே, ஒளிரும் சாயத்தை அளக்கும் கருவியை வடிவமைத்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லியோனார்டு ஹெர்சன்பெர்க் இத்துறையை உயிரியல் ஆய்வின் மையத்துக்குக் கொண்டுவந்தார். அப்பணிக்காக அவருக்கு 2006-இல் கியோட்டோ பரிசு வழங்கப்பட்டது.

1983-இல் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய டேவிட் ஹெட்லி குழுவினர், மெழுகுக் கட்டிகளில் பதப்படுத்தப்பட்டுச் சேமிப்பில் இருந்த பழைய திசுக்களிலிருந்தே உட்கருக்களைப் பிரித்தெடுத்து டி.என்.ஏ.வை அளக்கும் முறையை வெளியிட்டனர். மருத்துவமனைக் கிடங்குகளில் பல ஆண்டுகளாகத் தேங்கியிருந்த மாதிரிகள் திடீரென ஆய்வுப் பொருளாயின. சிகிச்சை முடிந்து ஐந்தாண்டோ பத்தாண்டோ கடந்த நோயாளிகள் என்ன ஆனார்கள் என்பது முன்பே தெரிந்திருந்ததால், டி.என்.ஏ. குறியெண்ணையும் உயிர்வாழ்வையும் ஒப்பிடுவது எளிதாயிற்று. மார்பகம், பெருங்குடல், சிறுநீர்ப்பை, புராஸ்டேட் எனப் பல புற்றுநோய்களில் ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தன.

ஆனால் அவற்றின் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒரே கட்டியின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு குறியெண்களைக் காட்டின. கட்டிக்குள் கலந்திருந்த வெள்ளணுக்களும் இணைப்புத் திசுவும் அளவீட்டைக் குழப்பின. மெழுகிலிருந்து பிரிக்கும்போது சிதைந்த உட்கருத் துணுக்குகள் பொய்யான சமிக்ஞைகளைத் தந்தன. எந்த எண்ணுக்கு மேல் 'ஆபத்து' என்பதை ஆய்வகங்கள் தத்தம் போக்கில் வரையறுத்தன. 1992-இல் நடைபெற்ற டி.என்.ஏ. அளவீட்டு ஒருமித்த கருத்து மாநாடு, இந்தக் குழப்பங்களைச் சீர்செய்யும் நெறிமுறைகளை வகுக்க முயன்றது.

மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை தீர்ப்பு தெளிவாகவே அமைந்தது. கட்டிக் குறியீடுகள் பற்றிய அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் 2007-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஃப்ளோ சைட்டோமெட்ரியால் அளக்கப்படும் டி.என்.ஏ. அளவை வழக்கமான சிகிச்சை முடிவுகளுக்குப் பயன்படுத்தப் போதிய சான்றுகள் இல்லை என்று கூறிவிட்டது. ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 போன்ற பரிசோதனைகள் எந்த மருந்து பலன் தரும் என்பதையே நேரடியாகச் சொல்லிவிட்டன. நோய் கடுமையானதா என்று மட்டும் கூறி, அடுத்து என்ன செய்வது என்று கூறாத எண்ணுக்கு அந்த இடத்தில் வேலை இல்லாமல் போயிற்று.

இந்த அனுபவம் இன்றும் பொருந்தும். ஒரு பரிசோதனையின் முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை எனில், அதற்கான செலவு நோயாளியின் குடும்பத்தின் மீது ஏற்றப்படும் வீண் சுமையே.

எண் உயிர் காக்கும் இடம்

திடக் கட்டிகளில் பின்வாங்கிய டி.என்.ஏ. குறியெண், குழந்தைகளின் தீவிர நிணநீரணு இரத்தப் புற்றுநோயில் நிலைத்த இடத்தைப் பெற்றது. இந்தியக் குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வகை இதுவே. தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் தரவுகளை அடிப்படையாகக் கொண்டு 2022-இல் வெளியான மதிப்பீட்டில், 14 வயதுக்கு உட்பட்டோரின் புற்றுநோய்களில் நிணநீரணு இரத்தப் புற்றுநோயின் பங்கு சிறுவர்களில் 29.2 சதவீதமாகவும் சிறுமிகளில் 24.2 சதவீதமாகவும் இருந்தது.

இந்நோயுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினருக்குப் புற்றணுவில் 50-க்கும் அதிகமான குரோமோசோம்கள் இருக்கும். இவர்களின் டி.என்.ஏ. குறியெண் பொதுவாக 1.16 அல்லது அதற்கு மேல் அமையும். இவ்வகைப் புற்றணுக்கள் கீமோதெரபி மருந்துகளுக்கு நன்கு கட்டுப்படுபவை என்பதை, அமெரிக்காவின் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையின் ஆய்வுகள் 1980-களிலேயே காட்டின. இத்தகைய குழந்தைகளுக்கு, மற்ற அறிகுறிகளும் சாதகமாக இருப்பின், கடுமை குறைந்த சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சில குழந்தைகளின் புற்றணுவில் குரோமோசோம்கள் 44-க்கும் குறைவாக இருக்கும். அரிதாக, இயல்பில் பாதியளவாகிய 24 முதல் 30 வரை மட்டுமே எஞ்சியிருக்கும். இவ்வகை எளிதில் கட்டுப்படாதது. மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு அதிகம். குரோமோசோம்கள் 32 முதல் 39 வரை உள்ள பிரிவில் டி.பி.53 மரபணு மாற்றம் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. பல குழந்தைகளில் அம்மாற்றம் பிறவியிலேயே உடல் முழுவதிலும் அமைந்திருப்பதால், பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் மரபியல் ஆலோசனை தேவைப்படுகிறது. ஒரு குழந்தையின் மஜ்ஜையில் செய்யப்படும் அளவீடு முழுக் குடும்பத்தின் நலனோடும் தொடர்புபடுவது இங்கேதான்.

குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா என்னும் நரம்புத் திசுக் கட்டியிலும் டி.என்.ஏ. குறியெண்ணுக்கு இடம் உண்டு. பச்சிளம் பருவத்தில் கண்டறியப்படும் இக்கட்டியில் குறியெண் 1-க்கு மேல் இருப்பது சாதகமான அறிகுறியாகக் கருதப்படுகிறது. கர்ப்பப்பையில் கரு முறையாக உருவாகாமல் தோன்றும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில், முழுமையான வகை பெரும்பாலும் இயல்பான அளவு டி.என்.ஏ.வையும், பகுதி வகை ஒன்றரை மடங்கு டி.என்.ஏ.வையும் கொண்டிருக்கும். முழுமையான வகை பின்னர் புற்றாக மாறும் அபாயம் அதிகம் என்பதால், எந்தப் பெண்ணை எவ்வளவு காலம் கண்காணிப்பது என்று முடிவு செய்ய இவ்வேறுபாடு உதவுகிறது.

மறைந்திருக்கும் ஆபத்து

குறியெண்ணை மட்டும் தனியே நம்புவதில் உள்ள ஆபத்தை விளக்க ஓர் எடுத்துக்காட்டே போதும். குரோமோசோம்கள் பாதியாகக் குறைந்த புற்றணு, சில வேளைகளில் தன்னிடம் உள்ளவற்றை அப்படியே இருமடங்காக்கிக்கொள்கிறது. 27 குரோமோசோம்கள் 54 ஆகின்றன. அப்போது டி.என்.ஏ. குறியெண் 1.16-ஐத் தாண்டிவிடும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது எளிதில் குணமாகும் வகைபோலத் தோன்றும். உண்மையில் அது மிகக் கடுமையான வகை. குறைந்த சிகிச்சை போதும் என்ற முடிவு அக்குழந்தையின் உயிருக்கே உலை வைத்துவிடலாம்.

இந்த மறைவைக் கண்டுபிடிக்கவும் ஃப்ளோ சைட்டோமெட்ரியே கைகொடுக்கக்கூடும். இருமடங்கான அணுக்களுடன், இருமடங்காகாத சிறு கூட்டமும் பெரும்பாலும் கலந்திருக்கும். அனுபவமிக்க நோயியல் நிபுணர், பெரிய முகட்டைப் பார்த்துவிட்டு நின்றுவிடாமல், 1-க்குக் கீழே சிறு மேடு ஏதேனும் தெரிகிறதா என்று தேடுவார். பல சமயங்களில் நுட்பமான குரோமோசோம் ஆய்வுகளும் தேவைப்படும்.

டி.என்.ஏ. அளவீட்டின் எல்லைகள் வேறு சிலவும் உண்டு. இரு குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொண்டால், மொத்த டி.என்.ஏ. அளவு மாறுவதில்லை. ஆகவே பிலடெல்பியா குரோமோசோம் போன்ற, இலக்கு மருந்து தேவைப்படும் மாற்றங்களை இம்முறையால் காண இயலாது. ஒரு குரோமோசோம் மட்டும் கூடுவதோ குறைவதோ கூடக் கருவியின் துல்லியத்துக்குத் தப்பிவிடலாம். ஒட்டிக்கொண்டு ஒருசேரக் கடக்கும் இரு உயிரணுக்கள், இருமடங்கு டி.என்.ஏ. கொண்ட ஓர் உயிரணுவாகத் தவறாகப் பதிவாகவும் வாய்ப்புண்டு.

எனினும் இம்முறைக்கு ஒரு பெரும் அனுகூலம் இருக்கிறது. குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணும் வழக்கமான ஆய்வுக்கு, உயிரணுக்கள் ஆய்வகத்தில் வளர்ந்து பிரிய வேண்டும். நிணநீரணுப் புற்றில் அவை பல நேரங்களில் வளர்வதேயில்லை. வளர்ந்தாலும் முடிவு வர நாள்கள் கடந்துவிடும். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குப் பிரியும் உயிரணு தேவையில்லை. முடிவும் அன்றே கிடைத்துவிடும். ஒரே குழாயில் டி.என்.ஏ. சாயத்தையும் புற்றணுவை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருள்களையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறைகள் வந்துள்ளதால், புற்றணுக்களை மட்டும் பிரித்து அவற்றின் டி.என்.ஏ.வை அளக்க முடிகிறது. அத்தகைய முறையைச் சோதித்து ஆய்விதழில் வெளியிட்டவர்களுள் மும்பை டாடா நினைவு மையத்தின் ஆய்வாளர்களும் அடங்குவர்.

பத்தாயிரத்தில் ஒன்று

நோய் கண்டறிதலோடு இக்கருவியின் பணி முடிவதில்லை. முதற்கட்டக் கீமோதெரபி முடிந்தபின், மஜ்ஜையில் எஞ்சியிருக்கும் புற்றணுக்களைத் தேடுவது அடுத்த கட்டம். நுண்ணோக்கியில் எல்லாம் இயல்பாகத் தோன்றும் மஜ்ஜையிலும், பத்தாயிரம் உயிரணுக்களுக்கு ஒரு புற்றணு என்ற அளவில், அதாவது 0.01 சதவீத அளவில் எஞ்சியிருக்கும் நோயை ஃப்ளோ சைட்டோமெட்ரி கண்டறியும். அந்த அளவுக்கு மேல் நோய் எஞ்சியிருந்தால் சிகிச்சை தீவிரமாக்கப்படும்.

இந்தியாவின் பல முன்னணி மருத்துவமனைகள் இணைந்து நடத்தும் ஐசிக்கிள்-ஏ.எல்.எல்.-14 என்ற மருத்துவப் பரிசோதனைத் திட்டம், இந்த அளவீட்டையும் புற்றணுவின் மரபியல் தன்மைகளையும் கொண்டே குழந்தைகளை அபாயப் பிரிவுகளாக வகைப்படுத்துகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம், கொல்கத்தா டாடா மருத்துவ மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஆகியவை இதில் பங்கேற்றுள்ளன. கடும் அபாயம் இல்லாத குழந்தைகளுக்கு பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை 5 வாரங்களுக்குப் பதிலாக 3 வாரங்கள் மட்டும் தந்தால் நச்சு விளைவுகள் குறையுமா என்பது இத்திட்டம் விடை தேடும் கேள்விகளுள் ஒன்று.

இக்கேள்வி இந்தியாவுக்கு மிக முக்கியமானது. இங்கு குழந்தைகள் நோயால் மட்டும் இறப்பதில்லை. சிகிச்சையின்போது வெள்ளணுக்கள் குறைந்து ஏற்படும் கடும் நோய்த்தொற்றாலும் இறக்கின்றனர். ஊட்டச்சத்துக் குறைபாடும், காய்ச்சல் கண்டவுடன் மருத்துவமனையை அடைய முடியாத தொலைவும் அந்த அபாயத்தைப் பெருக்குகின்றன. ஆகவே, யாருக்குக் குறைந்த மருந்து போதும் என்று நம்பகமாகச் சொல்லும் பரிசோதனை, புதிய மருந்துக்கு இணையாக உயிர் காக்கும்.

ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் நோயாளிகளில் பலர் பெருநகர மையங்களுக்கு வெளியே சிகிச்சை பெறுவோர் என்பதால், எளிய முறைகளின் தேவையும் பெரிது. 2006-இல் செயின்ட் ஜூட் மருத்துவமனையின் எலைன் கூஸ்டன்-ஸ்மித், டாரியோ கம்பானா குழுவினர், மூன்றே எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்தி, சிகிச்சையின் 19-ஆம் நாளிலேயே எஞ்சிய நோயை அளக்கும் எளிய முறையை வெளியிட்டனர். முதற்கட்ட மருந்துகள் இயல்பான இளம் நிணநீரணுக்களையும் மஜ்ஜையிலிருந்து அழித்துவிடுவதால், அந்நாளில் அதே அடையாளங்களுடன் தென்படும் அணு புற்றணுவாகவே இருக்கும் என்பது அம்முறையின் அடிப்படை. வசதி குறைந்த நாடுகளை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட வழி அது.

மாதிரியின் பயணம்

கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அது கையில் கிடைக்கும் மாதிரியைத்தான் அளக்கும். மஜ்ஜை உறிஞ்சப்படும்போது முதலில் வரும் சில துளிகளிலேயே புற்றணுக்கள் செறிந்திருக்கும். அடுத்தடுத்து உறிஞ்சும்போது இரத்தம் கலந்து மாதிரி நீர்த்துவிடும். எஞ்சிய நோய்ப் பரிசோதனைக்கு முதல் துளிகளை அனுப்பாவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்ற முடிவு வரக்கூடும்.

காலமும் ஒரு காரணி. மாதிரியில் உள்ள உயிரணுக்கள் உயிருடன் ஆய்வகத்தை அடைய வேண்டும். பொதுவாக ஓரிரு நாள்களுக்குள் பரிசோதனை முடிய வேண்டும். மாதிரியை உறைய வைக்கவும் கூடாது. மாவட்ட மருத்துவமனை ஒன்றில் எடுக்கப்பட்ட மஜ்ஜை, கோடை வெப்பத்தில் பேருந்திலும் ரயிலிலும் பயணித்துப் பெருநகர ஆய்வகத்தை அடையும்போது பாதி உயிரணுக்கள் மடிந்திருந்தால், குழந்தைக்கு மீண்டும் ஒருமுறை இடுப்பெலும்பில் ஊசி போட வேண்டிவரும். வரைபடத்தில் சில மில்லிமீட்டர் விலகும் முகடு எதைக் குறிக்கிறது என்பதைப் படிக்கத் தெரிந்த நோயியல் நிபுணர்களும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்களும் பெரிதும் பெருநகரங்களிலேயே உள்ளனர்.

ஃப்ளோ சைட்டோமெட்ரி இந்திய அரசு மருத்துவத் துறைக்கு முற்றிலும் புதியதன்று. 2004-இல் இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கப்பட்டபின், நோயாளிகளின் சி.டி.4 வெள்ளணுக்களை எண்ணுவதற்காக இவ்வகைக் கருவிகள் நாட்டின் பல பகுதிகளுக்குச் சென்றன. ஒரே வகை அணுவை எண்ணுவதற்கும், எட்டுப் பத்து நிறங்களில் புற்றணுவைப் பிரித்தறிவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு என்றாலும், திட்டமிட்டு முயன்றால் சிக்கலான கருவியைப் பெருநகரங்களுக்கு அப்பாலும் இயக்க முடியும் என்பதற்கு அந்த அனுபவம் சான்று.

ஆய்வகங்களுக்கிடையே தரம் சீராக இருக்க வேண்டும் என்ற முயற்சியும் பழையதே. இரத்தப் புற்றுநோய்களுக்கான ஃப்ளோ சைட்டோமெட்ரி குறித்த தேசிய அளவிலான நெறிமுறைகள் 2008-இல் இந்திய நோயியல் ஆய்விதழில் வெளியாயின. 2012-இல் நிறுவப்பட்டு, டாடா நினைவு மையத்தால் ஒருங்கிணைக்கப்படும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் இன்று 300-க்கும் மேற்பட்ட மையங்கள் இணைந்துள்ளன. புற்றுநோய் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைத்த அனுபவம் அவ்வமைப்புக்கு உண்டு. எதிர்ப்பொருள்களுக்கும் சாயங்களுக்கும் அதே வழி விரிவுபடுத்தப்பட்டால் பரிசோதனைச் செலவு குறைய இடமுண்டு.

செலவை யார் ஏற்பது?

கருவிகளும் எதிர்ப்பொருள்களும் பெரும்பாலும் இறக்குமதியாகின்றன. நோய் கண்டறியும் பரிசோதனைத் தொகுப்புகள், வினைபொருள்கள் மீதான சரக்கு மற்றும் சேவை வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்க ஜி.எஸ்.டி. கவுன்சில் எடுத்த முடிவு, 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் பலன் ஆய்வகக் கட்டணத்தில் தெரிகிறதா என்பதே நோயாளிகளுக்கு முக்கியம்.

ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் சிகிச்சையை ஏற்கிறது. அனுமதிக்கு முந்தைய 3 நாள்களுக்கும், வீடு திரும்பியபின் 15 நாள்களுக்குமான பரிசோதனை, மருந்துச் செலவுகளும் அதில் அடங்கும். ஆனால் இத்திட்டம் உள்நோயாளிச் சிகிச்சையை மையமாகக் கொண்டது. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையோ இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீள்வது. அதன் பெரும்பகுதி வெளிநோயாளியாகவே கழியும். அனுமதியோடு தொடர்பில்லாமல் செய்ய வேண்டிய பரிசோதனைகளுக்குக் குடும்பமே பணம் திரட்டும் நிலை உருவாகிறது. சிகிச்சையைப் பாதியில் கைவிடும் குடும்பங்களின் முடிவுக்குப் பின்னால், மருந்துச் செலவுடன் பயணம், தங்குமிடம், பரிசோதனை ஆகியவற்றின் சுமையும் உண்டு.

2025-26 நிதிநிலை அறிக்கையில், அடுத்த 3 ஆண்டுகளில் அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும், அந்த நிதியாண்டிலேயே 200 மையங்கள் நிறுவப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. கீமோதெரபியை வீட்டுக்கு அருகிலேயே பெற இது வழிவகுக்கும். ஆனால் எந்தக் கீமோதெரபி என்பதைத் தீர்மானிக்கும் ஆய்வகம் தொலைவிலேயே இருக்குமானால், அம்மையங்களின் பயன் முழுமை பெறாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் விலையுயர்ந்த கருவியை நிறுவுவது தேவையுமன்று, சிக்கனமுமன்று. மாதிரியை முறைப்படி எடுக்கும் பயிற்சி, குளிர்காப்புடன் ஓரிரு நாளில் கொண்டுசேர்க்கும் போக்குவரத்து, மண்டல அளவில் தரச்சான்று பெற்ற ஆய்வகம், அதற்கான கட்டணத்தைக் காப்பீட்டில் சேர்த்தல் ஆகிய நான்கும் ஒன்றாக அமைந்தால், தொலைதூர மாவட்டக் குழந்தைக்கும் அதே துல்லியம் கிட்டும்.

புதிய சிகிச்சைகள், புதிய தேவை

மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்னும் கார்-டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதனைத் தொடங்கிவைத்தார். புற்றணுவின் மேற்பரப்பிலுள்ள சி.டி.19 என்ற புரதத்தை இலக்காகக் கொள்ளும் சிகிச்சை அது. சிகிச்சைக்கு முன் அப்புரதம் இருக்கிறதா, சிகிச்சைக்குப் பின் மீளும் நோய் அப்புரதத்தை இழந்துவிட்டதா என்பவற்றை அறியவும் ஃப்ளோ சைட்டோமெட்ரியே துணைநிற்கிறது. உள்நாட்டில் உருவான நவீன சிகிச்சை பரவலாகும்போது, அதனை வழிநடத்தும் பரிசோதனையும் உடன்செல்ல வேண்டியிருக்கும்.

உலக சுகாதார அமைப்பு 2018-இல் தொடங்கிய குழந்தைப் பருவப் புற்றுநோய்க்கான உலகளாவிய முன்முயற்சி, 2030-க்குள் புற்றுநோய் தாக்கிய குழந்தைகளில் குறைந்தது 60 சதவீதத்தினரேனும் உயிர்பிழைக்க வேண்டும் என்ற இலக்கை நிர்ணயித்துள்ளது. உயர் வருவாய் நாடுகளில் 80 சதவீதத்துக்கும் அதிகமான குழந்தைகள் குணமடைகின்றனர். முன்னுரிமை அளிக்கப்பட்ட ஆறு புற்றுநோய்களில் தீவிர நிணநீரணு இரத்தப் புற்றுநோயும் ஒன்று.

டி.என்.ஏ. குறியெண்ணின் அரை நூற்றாண்டு வரலாறு இரு பாடங்களைத் தருகிறது. சிகிச்சையை மாற்றாத இடத்தில் அந்த எண்ணைத் தேடிச் செலவிடுவது பயனற்றது. சிகிச்சையை மாற்றும் இடத்தில் அதனைப் பெற முடியாமல் போவதோ, தவறாகப் படிப்பதோ உயிரிழப்புக்கு இட்டுச்செல்லக்கூடியது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. மாவட்டந்தோறும் திறக்கப்படவுள்ள சிகிச்சை மையங்களின் திட்டத்தில், மருந்துக்கும் படுக்கைக்கும் ஒதுக்கப்படும் நிதியோடு, மஜ்ஜை மாதிரி உரிய நேரத்தில் உரிய ஆய்வகத்தைச் சென்றடைவதற்கான நிதியும் இடம்பெறுமா என்பதே இனி கவனிக்கப்பட வேண்டியது.